அம்மா முதல் தடவையாக சுங்கை சிப்புட் வருகிறார்கள். என்ன காட்டலாம்?

தஞ்சாவூர் தையல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் அதிகம் எழுதியதில்லை, படிப்பதோடு சரி. இப்போது உங்கள் யோசனை தேவைப்படுகிறது.

ஆகஸ்ட் முதல் வாரம் என் அம்மா வருகிறார்கள். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கிற பாபநாசம்தான் எங்கள் ஊர். கல்யாணமாகி நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வந்தது 2003-இல். இத்தனை வருஷத்தில் நான்தான் நாலு தடவை ஊருக்குப் போய் வந்தேன், அம்மா இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அப்பா இருந்தவரை அவரைத் தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லை. பிறகு முட்டி வலி வந்துவிட்டது. இந்த வருஷம் தம்பி பிடிவாதமாகப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்துவிட்டான். மூன்று வாரம் இருப்பார்கள்.

யாரைக் கேட்டாலும் இரட்டைக் கோபுரம், கெந்திங், கேமரன் மலை என்கிறார்கள். பத்துமலைக்குக் கட்டாயம் போவோம். 272 படி அம்மாவால் ஏற முடியாது, கீழே நின்று முருகனைக் கும்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் அம்மா பார்க்க ஆசைப்படுவது நான் இருக்கிற இடத்தை. அதை எப்படிக் காட்டுவது என்பதுதான் என் கேள்வி.

கல்யாணம் பேசும்போதே அம்மாவுக்கு மனசில்லை. "ரப்பர் காட்டுக்கா பொண்ணக் குடுக்கறது?" என்று அப்பாவிடம் ராத்திரி அழுதது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்குக் கேட்டது. நான் இங்கே வந்த இரண்டாவது வாரம், போனில் பேசிக்கொண்டிருக்கும்போது மழை கொட்ட ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்கு அப்போது முழுக்கத் தகரக் கூரை. "என்னடி சத்தம், ஏதாவது இடிஞ்சு விழுதா?" என்றார்கள். மழைம்மா என்றேன். நம்பவில்லை. எங்கள் ஊரில் ஓட்டு வீடு. மழை விழுவதே தெரியாது, முற்றத்தில் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை பேசும்போதும் "அங்க மழையா?" என்று ஒரு கேள்வி கேட்காமல் அம்மா போனை வைத்ததில்லை.

எனக்கும் அந்தச் சத்தம் முதலில் பயம்தான். பயம் போனது என் மாமியாரால். அவர் 31 வருஷம் ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை செய்தவர். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த பிறகும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். கதவைத் திறந்து வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். ராத்திரி மழை பெய்து மரம் நனைந்திருந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, ஈரப்பட்டையில் பால் கோட்டை விட்டுப் பரவி வழிந்து வீணாகிவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். வெட்டு இல்லையென்றால் அந்த நாள் சம்பளமும் இல்லை. வேலையை விட்ட பிறகும் அந்தக் கை நீண்டுகொண்டேதான் இருந்தது. நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துக் கோப்பி கலக்குவேன். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்ப்போம். அவர் எனக்குத் தோட்டத்துக் கதை சொல்வார், நான் அவருக்குக் காவிரிக் கதை சொல்வேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் தவறிவிட்டார். அம்மாவும் அவரும் சம்பந்திகளாக 18 வருஷம் போனில் பேசினார்கள், ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

அவருடைய பால்வெட்டுக் கத்தி பின்கட்டில் ஆணியில் தொங்குகிறது. அம்மாவிடம் முதலில் அதைத்தான் காட்டப் போகிறேன்.

இனி ஊர். எனக்கு இந்தப் பட்டணம் பிடித்துப்போனது எந்த நாளில் என்று சொல்லத் தெரியாது. காலையில் "பசியாறியாச்சா?" என்று கேட்பதிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். எங்கள் பக்கம் "சாப்டாச்சா" என்போம். இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. வந்த புதிதில் முகம் தெரியாத கிழவி ஒருவர் பாசார் (சந்தை) வாசலில் என்னை நிறுத்தி "பசியாறினியாம்மா?" என்று கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பசியைப் பற்றி யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்தேன். எல்லோரிடமும் எல்லோரும் கேட்பதுதான் என்று பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகு இன்னும் அதிகமாகப் பிடித்தது.

என் கடை பழைய கடைவரிசையில் இருக்கிறது. முன்னால் நீளமாக ஓடும் நடைபாதையைக் காக்கி லீமா என்பார்கள். கடைசிக் கடைவரைக்கும் வெயில் மழை படாமல் நடக்கலாம், அம்மாவின் முட்டிக்கு நல்லது. நான் ரவிக்கைதான் தைக்கத் தெரிந்து வந்தேன். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் தைக்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஒரு மலாய்க்கார அம்மா. கழுத்தோரத்தில் நெருக்கமாகக் கையால் போடும் பின்னல் தையலுக்கு மட்டும் எனக்கு மூன்று மாதம் ஆனது. இப்போது ஹரி ராயாவுக்கு முன்னால் ஒரு மாதம், தீபாவளிக்கு முன்னால் ஒரு மாதம் தூக்கம் கிடையாது. காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்தால் கிழக்கே மலைத்தொடரின் மேல் பஞ்சு மாதிரி மேகம் படுத்திருக்கும். ஒன்பது மணிக்குள் கரைந்துவிடும். தஞ்சாவூர்க்காரிக்கு மலை என்பதே புதுசு. பக்கத்து மலையே எங்களுக்குச் சுவாமிமலைதான், அதுவும் கட்டுமலை.

செம்பனை (எண்ணெய்ப் பனை)ப் பழம் ஏற்றிய லாரிகள் போகும் சத்தம், சீனர் காப்பிக் கடையில் பளிங்கு மேசைமேல் கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) வைக்கிற சத்தம், சனிக்கிழமை உள்காட்டிலிருந்து வரும் தெமியார் பழங்குடி ஆட்கள் மோட்டாரில் கட்டிக் கொண்டுவரும் பெத்தாய்க் காய்க் கொத்து, இதையெல்லாம் ஒரு சுற்றுலா இடம் என்று எப்படி அம்மாவுக்குச் சொல்வது? என் இரண்டு பையன்களும் படித்த மகாத்மா காந்தி கலாசாலைக்கு அழைத்துப் போவேன். 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்த பள்ளி. நேருவின் தங்கை இங்கே வந்திருக்கிறார் என்றால் அம்மா நிமிர்ந்து உட்கார்வார்கள். அப்பா காங்கிரஸ்காரர்.

கேட்க வந்தது இதுதான். பால்வெட்டை அம்மாவுக்கு நேரில் காட்ட வேண்டும். மாமியார் வேலை செய்த தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இல்லை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் இல்லை, கோயில் மட்டும் நிற்கிறது. சிப்புட் சுற்றுவட்டாரத்தில் இன்னும் பால்மரம் வெட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? அதிகம் நடக்காமல் பார்க்கிற மாதிரி வேறு என்ன இருக்கிறது?


ஈப்போ மைந்தன் எழுதியது:

அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவ்வளவு தூரத்திலேர்ந்து வர்றவங்களுக்கு சிப்புட்ல மூணு வாரம் அதிகம். ஈப்போ அரை மணி நேரம்தான். 1917-இல் கட்டி முடிச்ச ரயில்வே ஸ்டேஷன் அரண்மனை மாதிரி வெள்ளையா நிக்கும், வெளியிலேர்ந்து பார்த்தாலே போதும். குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் மலையடிவாரத்திலேயே இருக்கு, படி ஏற வேண்டியதில்ல. திரும்பும்போது தம்பூன் பம்ளிமாஸ் வாங்கிக்குங்க, ஊர்ல கிடைக்கிற மாதிரி இருக்காது.

பால்வெட்டு பார்க்க விடிகாலையில வயசானவங்களக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறது எனக்கு சரியாப் படல. கொசு இருக்கும், அட்டை இருக்கும்.


லயத்துப் பிள்ளை எழுதியது:

தங்கச்சி, நான் சிப்புட்டில் லயத்தில் பிறந்தவன். 1951-இல் பிறப்பு. இப்போது மகனோடு இங்கேயே தாமானில் இருக்கிறேன். உன் பதிவை என் மனைவிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

பால்வெட்டு பார்க்கலாம், கவலைப்படாதே. பெரிய தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டாலும் கம்பத்து (மலாய்க் கிராமத்து) ஓரத்தில் மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறவர்கள் இன்னும் வெட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாச்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) இருக்கிறார், சாலை ஓரத்திலேயே மரம். காரை நிறுத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்தே அம்மா பார்க்கலாம். தனிச் செய்தி அனுப்பு, நான் பேசி வைக்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. நம் காலத்து மாதிரி வாளியும் காண்டாவுமாக (தோள் கம்பு) பால் சுமந்து ஸ்டோருக்குப் போய் நிறுக்கிறதெல்லாம் இப்போது கிடையாது. மரத்தில் பால் பிடிக்கும் மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக எடுத்து மூட்டையில் விற்கிறார்கள். நாற்றம் இருக்கும். நமக்கு அது சோற்று வாசம், அம்மாவுக்குக் குமட்டும்.

விடியும் முன்பே ஏன் வெட்டுகிறோம் என்று கேட்பார்கள். குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்து கோட்டிலேயே உறைந்து நின்றுவிடும். அந்தக் கோட்டை இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்த்து வெட்டுவார்கள், மரத்தில் பாதிச் சுற்று மட்டும். பட்டையைக் காசுத் தடிமனுக்குச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஏசுவார். உன் மாமியார் கத்தியைக் கையில் கொடு, வளைந்த முனையை அம்மாவே தொட்டுப் பார்க்கட்டும்.

அம்மா வருகிற நேரமும் நல்ல நேரம். ஆகஸ்டில் பால்மரக் காய் முற்ற ஆரம்பிக்கும். வெயில் நேரத்தில் 'டப்' என்று வெடித்துக் கொட்டை தூரத்தில் போய் விழும். லயத்துப் பிள்ளைகள் நாங்கள் அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைப்போம். கொட்டைக்கு ஒரே பளபளப்பு, ஒன்றில் இருக்கும் கோலம் இன்னொன்றில் இருக்காது.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை, உனக்கும் சொல்கிறேன். 1948 ஜூன் 16-ஆம் தேதி காலையில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். மலாயா முழுக்க அவசரகாலம் அறிவிக்க அதுதான் காரணமானது. அது முடிந்தது 1960-இல். நான் ஒன்பது வயதுவரை முள்வேலிக்குள் வளர்ந்தவன். மாலையில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அரிசி காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குப் போய்விடக் கூடாது என்று ஒரு சமயம் பொதுக் கொட்டகையில் சோறாக்கியே கொடுத்தார்கள் என்று என் அம்மா சொல்வார். வேலைக்குப் போகும்போது ஒரு பிடி சோறு மடியில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்களாம். பசியோடு ஆறு மைல் நிரை நடந்து வெட்டினவர்கள் அவர்கள். "பசியாறியாச்சா" என்று உன்னை ஒரு கிழவி கேட்டாரே, அந்தக் கேள்வி இந்த ஊரில் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

அதே 1960-இல்தான் இந்த ஊர்க்காரரான அமைச்சர் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த சமயம். தொழிலாளி தன் பணத்தில் தானே தோட்டத்தை வாங்க வேண்டும் என்று லயம் லயமாக வந்து பேசினார். என் அம்மா சம்பளத்தில் பிடித்துக் கொடுத்துப் பங்கு வாங்கினார். அந்தப் பங்குச் சான்றிதழை சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். படத்தைத் துடைக்கும்போதெல்லாம் அதையும் எடுத்துத் துடைப்பார்.

கோயில் திருவிழா எப்போது? ஆடி முடிவதற்குள் என்றால் அம்மா இங்கே இருப்பார்களே.


தஞ்சாவூர் தையல் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைக் கடையில் மிஷின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். என் கணவருக்கும் காட்டினேன். அவர் மோட்டார் ஒர்க்ஷாப்பில் இருந்து கை கழுவிக்கொண்டு வந்து படித்துவிட்டு, "அந்தக் கொட்டைய தேய்ச்சு என் கையில வெச்சவன் இவராத்தான் இருக்கும்" என்றார். அவருக்கும் உங்களுக்கும் இருபது வயது வித்தியாசம் என்பதை அப்புறம்தான் கணக்குப் பார்த்தோம்.

ஆமாம் ஐயா, தோட்டத்து மாரியம்மனுக்கு ஆடி கடைசி வாரம்தான் திருவிழா. வருஷம் முழுக்க அந்தக் கோயிலைச் சுற்றிச் செம்பனை மட்டை விழுகிற சத்தம் மட்டும்தான். திருவிழா அன்று கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் காரில் வந்து இறங்குகிறார்கள். "இங்கதான் எங்க வீடு" என்று பெண்கள் மரத்தடியைக் காட்டிப் பிள்ளைகளிடம் சொல்வார்கள். எதிரில் பார்த்தால் மரம்தான் நிற்கும். போன வருஷம் ஒரு அம்மாள் செம்பனை வரிசையை எண்ணி எண்ணி நடந்துபோய் ஓரிடத்தில் நின்று, "ஆயாக் கொட்டகை" என்றார். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. அம்மாவை அங்கே கூட்டிப்போகலாம் என்று எனக்குத் தோன்றாமல் போனதே. திருவிழா வேலையில் அம்மா தனியாக உட்கார்ந்திருக்க வேண்டுமே என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஈப்போ தம்பி, கல்லுமலைக்குக் கட்டாயம் போகிறோம். ஸ்டேஷனும் பார்ப்போம். ஆனால் மூன்று வாரம் அதிகம் என்று சொல்லாதீர்கள். எனக்கு இந்த ஊரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஐந்தாறு வருஷம் ஆனது.


காராய் பாலம் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் பினாங்கில் வேலை, வீடு காராய் பக்கம். உங்களுக்கு மூன்று யோசனை.

முதலில் வரும் வழி. திருச்சியிலிருந்து நேராகக் கோலாலம்பூருக்கு விமானம் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரல் வந்து இடிஎஸ் மின்சார ரயில் பிடித்தால் சுங்கை சிப்புட் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். எல்லா வண்டியும் நிற்காது, டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸைவிட ரயில் முட்டிக்கு நல்லது, கழிவறையும் உண்டு. ஈப்போ தாண்டிய பிறகு அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். சுண்ணாம்புக் குன்றுகள் தனித்தனியாக நிற்கும், எங்கள் ஊரின் முகமே அதுதான். இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 2023 டிசம்பர் முதல் 30 நாள்வரை விசா இல்லாமல் வரலாம். மூன்று வாரம் தாராளம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதை நீங்களே இங்கிருந்து நிரப்பிவிடுங்கள், வயதானவர்கள் அங்கே கவுண்டரில் நின்று தடுமாற வேண்டாம்.

இரண்டாவது, எங்கள் விக்டோரியா பாலம். பேராக் ஆற்றின் மேல் 1900-இல் திறந்த ரயில் பாலம். செங்கல் தூண், மேலே இரும்புச் சட்டம். ஈயமும் கித்தாவும் (ரப்பர்) போன வழி அது. இப்போது ரயில் பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. மேலே ஏறத் தேவையில்லை, கரையில் நின்றாலே தூண்கள் முழுக்கத் தெரியும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் போங்கள். அந்த நேரம் ஆறு பழுப்பிலிருந்து தாமிர நிறத்துக்கு மாறும். காவிரிக் கரையில் வளர்ந்தவர்கள் ஓர் ஆற்றைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

மூன்றாவது, அங்கிருந்து கோலகங்சார் பக்கம்தான். மாவட்ட அலுவலகம் பக்கத்தில் வேலி போட்டு ஒரு பால்மரம் நிற்கிறது. 1877-இல் நட்ட கன்றுகளில் மிஞ்சியது. பிரேசிலிலிருந்து எடுத்த விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, சிங்கப்பூர் வழியாக இங்கே வந்தது. நம் எல்லோரின் தாத்தா பாட்டியும் கப்பல் ஏறியதற்கு அந்த மரத்தின் இனம்தான் காரணம். என் பாட்டி அதைக் கையெடுத்துக் கும்பிடுவார்.


சிப்புட் டீச்சர் எழுதியது:

அம்மாவுக்குச் சாப்பாடு பிடிக்குமா என்று யாரும் கேட்கவே இல்லையே. இங்கத்து அரிசி அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், பொன்னி அரிசி இந்தியக் கடைகளில் கிடைக்கும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் சம்பலில் நெத்திலியும் பெலாச்சானும் (இறால் விழுது) இருக்கும் என்பதை மறக்காமல் பாருங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) அப்பாம் பாலிக் சுடச்சுட வாங்கிக் கொடுங்கள், உள்ளே நிலக்கடலையும் சீனியும்தான். ஆகஸ்டில் கடைசி டுரியானும் கிடைக்கலாம். வாசம் பிடிக்கவில்லை என்றால் மங்குஸ்தான் இருக்கவே இருக்கிறது.


தஞ்சாவூர் தையல் எழுதியது:

அம்மா ஊருக்குப் போய் நாலு நாள் ஆகிறது. நீங்கள் எல்லோரும் சொன்னதில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். குன்றுகளைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் யார் கொண்டுவந்து வெச்சது?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் பின்கட்டுக்குப் போய்க் கத்தியை எடுக்கச் சொன்னார்கள். கைப்பிடி மரம் ஒரு பக்கம் தேய்ந்து பள்ளமாக இருக்கும். மாமியாரின் கட்டை விரல் இருந்த இடம். அம்மா தன் விரலை அதில் வைத்துப் பார்த்தார்கள். "என்னைவிடப் பெரிய கை" என்றார்கள். போனில் கேட்ட குரலை வைத்துச் சின்ன உருவம் என்று நினைத்திருந்தார்களாம்.

பாச்சிக்கின் மரத்தடிக்கு லயத்துப் பிள்ளை ஐயாவே வந்திருந்தார், மனைவியோடு. ஐந்தரை மணி இருட்டு. தலைவிளக்கு வெளிச்சத்தில் பட்டை சுருள் சுருளாக விழுந்ததும் வெள்ளைப் பால் கோட்டில் இறங்கி மங்கில் சொட்டியதும் அம்மா எழுந்து நின்றுவிட்டார்கள். நாற்காலி போட்டதெல்லாம் வீண். "மாட்டுக்குக் கன்னு குட்டியாவது பக்கத்துல நிக்கும்" என்று மட்டும் சொன்னார்கள். வேறு பேசவில்லை. ஈப்போ தம்பி பயந்த மாதிரி அட்டை எதுவும் இல்லை, கொசு மட்டும் நிறைய. கட்டிப்பால் மூட்டைப் பக்கம் மூக்கை மூடிக்கொண்டார்கள், ஐயா சொன்னபடியே.

பாலத்துக்குப் போனோம். ஆறு அழகு. அம்மாவுக்கு அதில் ஒரே குறை, படித்துறை இல்லை, இறங்கிக் கால் நனைக்க முடியவில்லை. கோலகங்சார் மரத்தடியில் ஐந்து நிமிஷம்தான் நின்றோம். எனக்கு அது பெரிதாகப் பட்டது, அம்மாவுக்கு இல்லை. "இதுல யாரும் வெட்டலயே" என்றார்கள். வாடாத அடையாளமாக இருக்கட்டும் என்று சயோங்கில் செய்த கறுப்பு மண் கூஜா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சுரைக்காய் வடிவம். தண்ணீர் ஊற்றி வைத்தால் எங்கள் ஊர்ப் பானையைப் போலவே சில்லென்று இருக்கும்.

அம்மா நாள் கணக்காக இருந்தது எங்கே என்றால் என் கடையில். இரண்டாவது வாரம் "சும்மா உட்கார முடியாது" என்று ஊசியை எடுத்து ரவிக்கைக்குக் கொக்கி தைக்க ஆரம்பித்தார்கள். பிறகு தினமும் என்னோடு ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். காக்கி லீமாவில் மூன்று கடை தாண்டி நடந்துபோய்த் தானாகவே கோப்பி வாங்கிக்கொண்டு வரப் பழகினார்கள். "கோப்பி, சூசு குராங்" (பால் குறைவாக) என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த மலாய்க்கார அம்மா வந்தபோது இவர்கள் தமிழிலும் அவர் மலாயிலும் ஒரு மணி நேரம் முட்டி வலியைப் பற்றிப் பேசினார்கள். நான் மொழிபெயர்க்கப் போனேன், இரண்டு பேரும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அவர் இஞ்சியும் எலுமிச்சைப் புல்லும் அரைத்து ஒரு போத்தலில் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். அது இப்போது பாபநாசத்தில் இருக்கிறது.

திருவிழா அன்று அம்மா தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. மாமியாரோடு ஒரே நிரையில் வெட்டிய இரண்டு பேர் வந்திருந்தார்கள், ஒருவர் காஜாங்கிலிருந்து, ஒருவர் கூலாயிலிருந்து. சம்பந்தி என்று சொன்னதும் நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். மாமியார் இளவயதில் பாடுவார் என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாதான் அவர்களிடமிருந்து கேட்டு வந்து எங்களுக்குச் சொன்னார்கள். என் கணவர் அன்று ராத்திரி வெகுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் விடிகாலையில் நல்ல மழை. எழுந்து பார்த்தால் அம்மா படுக்கையில் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கூரையில் அடிக்கிற அடியில் நான் வந்ததே கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னிக்கு அவங்களுக்கு வேலை கிடையாதுல்ல" என்றார்கள். ஆமாம்மா என்றேன். எழுந்துபோய்க் கோப்பி கலந்து கொண்டுவந்தேன்.

பையில் பால்மரக் கொட்டை ஏழெட்டு எடுத்து வைத்திருந்தார்கள். விமானத்தில் விதை கொண்டுபோக விடமாட்டார்கள் என்று எடுத்துவிடச் சொன்னேன். அவை இப்போது என் மிஷின் மேல் ஊசிப் பெட்டியில் இருக்கின்றன.

அடுத்து பிப்ரவரியில் வரச் சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் பால்மரம் இலை உதிர்க்கும். உதிர்வதற்கு முன்னால் காடு முழுக்கச் சிவக்கும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார், நானே அதைச் சாலையோரம் நாலைந்து மரத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு காடு அளவுக்குப் பால்மரம் சிப்புட், லாசா, லிந்தாங் பக்கம் எங்காவது மிச்சம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கார் போகிற இடமாக இருந்தால் நல்லது.